பிரியாக் குழாய்

அந்த மின்விசிறியின் மூடியில் ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது, மிஸ். அதனால்தான் அந்தச் சத்தம். சின்னதாக ஒரு திருப்புளி இருந்தால் நானே இறுக்கித் தருவேன். வேண்டாமென்றால் சரி. பன்னிரண்டு வருடமாகப் போன் திருத்துகிறவளுக்கு, தளர்ந்த எதைக் கேட்டாலும் கை சும்மா இருக்காது.

வாக்குமூலத்தை ஆதியிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் மேர்லின். வயது நாற்பத்து மூன்று. திருமணம் செய்யவில்லை. அம்மா இறந்த பிறகு வாவிக்கரை வீட்டில் தனியாக இருந்தேன். தம்பி கனடாவில், நத்தார்ப் பெருநாளுக்கும் அம்மாவின் நினைவு நாளுக்கும் கதைப்பான். பஜாருக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேசனில், போன் கடையில், வேலை. ஒரு போனைத் திருத்தி முடித்தால் மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நான் என் குரலையே பதிந்து திரும்பப் போட்டுக் கேட்பேன். "ஹலோ, கேக்குதா? ஹலோ, கேக்குதா?" ஒரு நாளில் நான் அதிகம் கேட்ட குரல் அதுதான். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

விதுர்ஷா போன வருடம் ஆவணியில் வந்தாள். சித்தாண்டிப் பிள்ளை. இங்கே அரச அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை கிடைத்திருந்தது. தினமும் பஸ்ஸில் வந்து போவது கஷ்டமென்று அறை தேடினாள். என் வீட்டில் வாவிப்பக்கத்து அறை சும்மா கிடந்தது. அதைக் கழுவிக் கொடுத்தேன்.

முதல் வாரம் அவள் தன் சாப்பாட்டைத் தானே வாங்கி வந்து அறைக்குள் இருந்து சாப்பிட்டாள். இரண்டாம் வாரம் குசினிக்குள் வந்து, "அக்கா, உங்கட கறி வாசம் அங்க இருக்க விடுதில்ல" என்றாள். அன்றைக்கு மீன் சொதி. நான் இன்னொரு சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்தேன். அம்மாவுக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு கோப்பை வைத்தது அன்றைக்குத்தான்.

அந்த விளையாட்டை எனக்குக் காட்டித் தந்ததும் அவள்தான். அதன் பெயர் நீளமானது. நாங்கள் 'கப்பல்' என்றுதான் சொன்னோம். முந்நூறு வருடத்துக்குப் பிறகு நடக்கும் கதை. பூமி முடிந்துவிட்டது. மனிதர்கள் எல்லோரும் ஒரு விண்கப்பலில், ஆளுக்கொரு கூட்டுக்குள் அடைபட்டு, எங்கோ ஒரு கோளுக்குப் போகிறார்கள். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. ஆனால் படம் போடலாம், சாப்பிட்டதைச் சொல்லலாம், மற்றவர் போட்டதற்குக் கை தட்டலாம். ஒவ்வொரு கைதட்டும் உங்கள் கூட்டுக்குள் கொஞ்சம் காற்றாக வரும். கைதட்டுக் குறைந்தால் காற்றும் குறையும். முற்றாக நின்றால் கப்பல் உங்களை வெளியே தள்ளிவிடும்.

யாரோ வெளிநாட்டுப் பிள்ளைகள் முகப்புத்தகம் மாதிரி இடங்களைக் கேலி செய்யத்தான் இதைச் செய்தார்களாம். நல்ல தமிழிலும் போட்டிருந்தார்கள். அதில் வருகிற மாலுமி பேசுவது கலியாண அழைப்பிதழ் மாதிரி இருக்கும். "அன்பார்ந்த பயணியே, இன்று தங்களை மூவருக்குப் பிடித்திருக்கிறது. மதிய உணவுவரை தாராளமாக மூச்சு விடலாம்." காற்று முடிந்து வெளியே தள்ளப்படும்போது, "தங்கள் மரணத்தை நண்பர்களுடன் பகிர விரும்புகிறீர்களா?" என்று கேட்கும். 'ஆம்', 'பிறகு' என்று இரண்டு பொத்தான்தான் இருக்கும். விதுர்ஷா அதை வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அது கேலியாகப் படவில்லை. நியாயமாகப் பட்டது.

கப்பலில் அவளுக்கு அறுபதுக்கு மேல் நண்பர்கள். எனக்கு அவள் ஒருத்தி. என் காற்று முழுக்க அவளிடமிருந்துதான் வந்தது. காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "இந்தாங்க அக்கா, உங்கட மூச்சு" என்று இரண்டு தடவை தட்டிவிட்டுப் போவாள்.

கார்த்திகையில் மூன்று நாள் ஊருக்குப் போனாள். அங்கே சிக்னல் சரியில்லையோ, மறந்துவிட்டாளோ, தெரியாது. இரண்டாம் நாள் பின்னேரம் நான் கடையில் இருந்தபோது என் கூடு வெளியே போனது. திரையில் ஒரு சின்னப் பெட்டி இருட்டுக்குள் உருண்டு உருண்டு போகும். மாலுமி, "தங்களைப் பிரிவதில் எவருக்கும் வருத்தமில்லை. பயணத்துக்கு நன்றி" என்றான். ஒரு வாடிக்கையாளர் போனைத் தந்துவிட்டு முன்னால் நின்றிருக்கிறார். நான் அவரைக் கவனிக்கவே இல்லை.

அவள் திரும்பி வந்து பையை வைக்க முந்தியே, "அக்கா செத்துப்போனீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு எனக்குப் புதிதாக ஒரு கூடு திறந்து தந்தாள். நல்ல பிள்ளை. அவள் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை, மிஸ். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கப்பலில் இன்னொரு விதி இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒருவரையொருவர் தவிர வேறு எவருமே இல்லையென்றால், கப்பல் அவர்கள் இருவரின் கூடுகளுக்கும் நடுவில் நேராக ஒரு குழாய் போட்டுவிடும். பிரியாக் குழாய் என்று பெயர். அதற்குப் பிறகு கைதட்டத் தேவையில்லை. காற்று நிற்காது. அதுவும் கேலிதான் என்று விதுர்ஷா சொன்னாள். நான் அந்த விதியைப் பல தடவை வாசித்தேன்.

முதலில் கப்பலுக்குள் மட்டும்தான் செய்தேன். வேறு வேறு பெயரில் கூடுகள் திறந்து, அவளுடைய நண்பர்களிடம் அவள் அவர்களைப் பற்றிச் சொன்னதாக ஒன்றிரண்டு கதை சொன்னேன். பெரிய பொய்கள் தேவைப்படவில்லை. "உங்கட பாட்டைக் கேட்டுச் சிரிக்கிறவள்" என்றால் போதும். மாசி மாதத்தில் அவளுக்குப் பத்துப் பேர்கூட மிச்சமில்லை. "ஏன் அக்கா எல்லாரும் என்னை விட்டிட்டுப் போகினம்?" என்று கேட்டாள். நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன்.

அந்தச் சமயத்தில் அவள் என்னோடு இருக்கும் நேரம் கூடியது. அதைக் கண்ட பிறகு மற்றதைச் செய்வது கஷ்டமாக இருக்கவில்லை.

நஸீறா அவளோடு வேலை செய்கிற பிள்ளை. காத்தான்குடி. வெள்ளிக்கிழமைகளில் ஸ்கூட்டியில் வருவாள், வட்டிலப்பம் கொண்டுவருவாள், இருவரும் அறைக்குள் இருந்து கதைப்பார்கள். ஒரு நாள் அவள் வந்தபோது விதுர்ஷா குளித்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்து, "கோவிக்காத புள்ள. நீ வாறது அவளுக்குக் கரைச்சலா இரிக்காம். முகத்துக்கு நேரே சொல்ல ஏலாம என்னட்டச் சொன்னாள்" என்றேன். நஸீறா பாத்திரத்தை என் கையில் தந்துவிட்டுப் போனாள். வட்டிலப்பம் நல்லாயிருந்தது. நானும் விதுர்ஷாவும் சாப்பிட்டோம். கடையில் வாங்கியதென்று சொன்னேன்.

பங்குனியில் விதுர்ஷாவின் போனுக்குச் சார்ஜ் ஏறவில்லை. என்னிடம் தந்தாள். தூசிதான், ஒரு ஊசியால் எடுத்துவிடலாம். நான் இரண்டு நாள் வைத்திருந்தேன். அவளுக்குச் சித்தாண்டியில் அப்பாவும் சுகிர்தா என்று ஓர் அக்காவும். கட்டாரில் கஜரூபன் என்று ஒரு பெடியன். ஐப்பசியில் கலியாணம் பேசியிருந்தார்கள். அப்பாவிடம் தனியாகப் போன் இல்லை, அக்காவின் போனில்தான் கதைப்பார். அந்த இரண்டு இலக்கங்களையும் தடுத்தேன். அதே பெயர்களில் என்னிடமிருந்த வேறு இரண்டு சிம் இலக்கங்களைப் பதிந்தேன். தடுக்க முந்தி, அவள் அனுப்புவதாக இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு செய்தி அனுப்பினேன். கஜரூபனுக்கு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி. சுகிர்தாவுக்கு, "நான் இனி வரமாட்டன். எனக்கு உங்கட கரைச்சல் வேணாம்." பிறகு அவற்றை அழித்தேன்.

அதற்குப் பிறகு கஜரூபனும் சுகிர்தாவும் அவளுக்கு எழுதியதெல்லாம் நான் எழுதியதுதான். அவள் எடுத்தால் நான் போனைத் தூக்கமாட்டேன். சித்திரை வருசத்துக்கு முந்தின கிழமை சுகிர்தாவின் பெயரில், "இந்த வருசத்துக்கு வீட்ட வராத, அப்பா கோவமா இரிக்கார்" என்று எழுதினேன். அவள் போனைக் குசினி மேசையில் கவிழ்த்து வைத்தாள். "நான் என்ன செஞ்சன் அக்கா?" என்றாள். நீ ஒன்றும் செய்யவில்லை என்றேன். அது உண்மைதானே.

வருசத்தன்று நாங்கள் இருவரும் பாற்சோறு பொங்கினோம். நான் வேதக்காரி, கிறிஸ்தவள், எனக்குப் பழக்கமில்லை; அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். மத்தியானம் கப்பலில் அவளுடைய கடைசி நண்பனும் போனான். எங்கள் இரண்டு கூடுகளுக்கும் நடுவில் குழாய் வந்து பொருந்தியது. "வாழ்த்துக்கள். இனித் தங்களுக்கு வேறு எவரும் தேவையில்லை. வேறு எவரும் இல்லை என்பதும் ஒரு காரணம்" என்று மாலுமி சொன்னான். இந்த முறை விதுர்ஷா சிரிக்கவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டாள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு மத்தியானம் அதற்கு முன் வந்ததில்லை.

மறுநாள் காலை பத்து மணியிருக்கும். வாசலில் ஓட்டோ வந்து நின்றது. இறங்கி வந்தது சுகிர்தா. முகம் விதுர்ஷாவின் முகம்தான், கொஞ்சம் வயது கூட. நான் கேற்றைத் திறக்காமல் உள்ளே நின்றேன்.

"விது இரிக்காளா?"

"இல்லயே புள்ள. ட்ரெயினிங் எண்டு கொழும்புக்குப் போயிட்டாள்."

"வருசத்துக்குள்ளயா?"

"எனக்கும் சரியாத் தெரியா."

அவள் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாக்கு ஏலாது. நேத்துப் பின்னேரம் விழுந்திட்டார். ஒரு பக்கம் இழுத்திட்டு. இஞ்சதான், பெரியாஸ்பத்திரியில வச்சிரிக்கு. அவள்ற பேரைத்தான் சொல்லிக்கிட்டு இரிக்கார். போன் அடிச்சா போகுதில்ல."

"நான் சொல்லிவிடுறன்."

"வராட்டியும் பரவாயில்ல அக்கா. கோவமெண்டா கோவமாவே இரிக்கட்டும். போனில ஒருக்கா 'அப்பா' எண்டு சொன்னாக் காணும்."

என் இலக்கத்தை வாங்கிக்கொண்டு போனாள். விதுர்ஷா அப்போது வாவிப்பக்கத்து அறையில் ஹெட்செட் போட்டுக்கொண்டு இருந்தாள். நான் உள்ளே போனதும் ஒரு பக்கத்தைக் கழற்றி, "ஆரு அக்கா?" என்றாள்.

"மாங்காய் விக்கிற ஆள்."

"வாங்கியிரிக்கலாமே" என்றாள்.

ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அவர் இரண்டு நாள் உயிரோடு இருந்தார். சுகிர்தா எனக்கு நான்கு தடவை எடுத்தாள். நான்கு தடவையும், அவளோடு தொடர்பு கிடைக்கவில்லை என்றேன். கடைசித் தடவை சுகிர்தா எடுத்தபோது பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. நான் போனை வைத்துவிட்டு அரிசி கழுவினேன்.

அடுத்த நாள் சித்தாண்டியில் தகனம். அதற்கு மறுநாள் காலை, ஊராள் ஒருவர் கடைக்கு வந்து சொன்னதாக விதுர்ஷாவிடம் சொன்னேன். அவள் செருப்பில்லாமல் ஓடினாள். பின்னேரம் திரும்பி வந்தாள். பெரியப்பா படலை வாசலிலேயே மறித்து, "உனக்கு இஞ்ச ஒருத்தரும் இல்ல, போ" என்றாராம். உள்ளே விடவில்லையாம். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமச் செஞ்சிட்டாங்களே அக்கா" என்று என் மடியில் கிடந்தாள். கஞ்சி காய்ச்சிக் கரண்டியால் ஊட்டினேன். நீங்கள் என்னைக் கேட்டீர்கள், அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று. அவள் திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் அப்படி இருந்தோம். பிறகு ஒரு நாள் அலுவலகத்தில் நஸீறாதான் பொறுக்கமாட்டாமல் அவளிடம் வந்து, அப்பாவின் சாவுக்கு வருத்தம் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரும் பத்து நிமிடம் கதைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் போதுமாக இருந்திருக்கிறது. அன்றைக்கு அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியம். நஸீறா தன் ஸ்கூட்டியில் அவளைச் சித்தாண்டிக்குக் கூட்டிப் போனாள். யார் மறித்தாலும் விடமாட்டேன் என்று வாசலில் நின்றாளாம். சுகிர்தா வெளியே வந்து விதுர்ஷாவின் போனை வாங்கிப் பார்த்திருக்கிறாள்.

பின்னேரம் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். சுகிர்தா சத்தம் போட்டாள். நஸீறா அழுதாள். விதுர்ஷா மட்டும் எனக்கு முன்னால் குந்தியிருந்து, மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா என்னைக் கேட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் உள்ளுக்குத்தானே இருந்தன் அக்கா."

"ஓம்."

அவள் எழுந்து போய்த் தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டாள். போகும்போது அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். எப்போதும் சாத்துகிற பிள்ளைதான்.

சரி, நீங்கள் கேட்டபடியே எழுதுங்கள், மிஸ். போனில் செய்ததெல்லாம் நான்தான். யாரும் உதவவில்லை. அவளுடைய அப்பா சாகக் கிடந்தது எனக்குத் தெரியும். ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் பத்து நிமிடத்தில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள். தெரிந்துகொண்டே இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். நெருப்பு ஆறிய பிறகு சொன்னேன். கையெழுத்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

இப்போது அவள் சுகிர்தாவோடு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கஜரூபனும் லீவு போட்டு வந்துவிட்டானாம். வெள்ளிக்கிழமைகளில் நஸீறா போகிறாளாம். சொந்தக்காரர் எல்லோரும் வந்து போகிறார்களாம். அவள் சாப்பிட்டாளா என்று அதில் யார் பார்ப்பார்கள்? எனக்குத் தண்டனை கிடைக்கட்டும், அது வேறு. அத்தனை பேருக்கு நடுவில் அந்தப் பிள்ளை எவ்வளவு தனியாக இருக்கும் என்று நினைத்தால்தான், மிஸ், எனக்கு மனம் பொறுக்குதில்லை.