சேணத்தில் நின்ற இரண்டு மேதைகள்

சூத்திரம் பலகையிலேயே இருக்கட்டும், எங்கேயும் ஓடிடாது. இப்போ ஒரு குட்டிக் கதை கேளுங்க.

கணக்குப் பேராசிரியர்கள் மூணு பேர் மலையேறப் போனாங்க. தணிகைவேல், எட்வின், பஷீர். பாதி வழியில மூடுபனி. நீட்டின கை தெரியல. அந்த நேரம் பார்த்து பஷீர் கால்ல கண்ணாடி விரியன் போட்டுடுச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். போன்ல டவர் இல்ல. உச்சிக்குப் போனாத்தான் கிடைக்கும்.

உச்சி எங்கே?

தணிகைவேல் கிழக்கே நாலடி வெச்சார்... இறக்கம். மேற்கே வெச்சார்... இறக்கம். "யோவ், நாம நிக்கிறதே உச்சிதான்யா! போனைத் தூக்கிப் பிடி!"

எட்வின் சும்மா இருப்பாரா? வடக்கே போனார்... ஏற்றம். தெற்கே போனார்... ஏற்றம். "உச்சியாம் உச்சி! இது பள்ளம் சார். உங்களுக்கு யாரு டாக்டர் பட்டம் கொடுத்தது?"

"பள்ளமா? என்கூட நடந்து பாருய்யா!"

"நீங்க என்கூட வாங்க சார்! முதல்ல தப்பை ஒத்துக்கங்க!"

போனாங்களா? ஒருத்தர் பாதையில இன்னொருத்தர் ஒரே ஒரு அடி வெச்சாங்களா? இல்ல! அங்கே ஒரு மனுஷனுக்குக் கால் வீங்கிட்டே இருக்கு... இங்கே கருத்தரங்கு நடக்குது!

கடைசியில பஷீரே கத்தினார்: "அடப்பாவிகளா! ரெண்டு பேரு நடந்து பார்த்ததும் சரிதான்டா! இது குதிரைச் சேணம் மாதிரி இடம், ஒரு வாக்குல ஏறும், குறுக்கு வாக்குல இறங்கும். வடக்கே ஏறுதுன்னு தெரியுதுல்ல... ஏறித் தொலைங்கடா!"

ஏறினாங்க. டவர் வந்தது. உயிர் தப்பிச்சது. ஆனா கால்ல ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. பாம்பாலதான் போச்சுன்னு அந்த மேதைகள் இன்னிக்கும் சொல்றாங்க. பஷீர் அப்படிச் சொல்றதில்ல.

சிரிக்கிறீங்க. போன பரீட்சையில நீங்க என்ன பண்ணீங்க? ஒரு மாறியை அசையாமப் பிடிச்சுக்கிட்டு மத்ததுக்கு வகைக்கெழு எடுத்தீங்க. அப்புறம் அதைப் பிடிச்சுக்கிட்டு இதுக்கு எடுத்தீங்க. ரெண்டும் பூஜ்யம். உடனே 'பெருமம்', அதாவது உச்சின்னு எழுதி அடிக்கோடும் போட்டாச்சு! உச்சின்னு பூஜ்யம் சொல்லுச்சா? இந்த இடத்துல சரிவு இல்லைன்னுதானே சொல்லுச்சு? உச்சியா, பள்ளமா, சேணமா... அதை இரண்டாம் வகைக்கெழுக்களை எல்லாம் சேர்த்து நிறுத்தித்தான் கேட்கணும். தனித்தனியாக் கேட்டீங்கன்னா... தணிகைவேலும் எட்வினும்தான் பதில் சொல்லுவாங்க!