கொளுத்த வாங்கிய புத்தகம்

மதிப்புமிகு தலைவர் அவர்களே, மேடையை மேன்மைப்படுத்தும் பெரியோர்களே, வெயில் தணியுமுன்னே வந்தமர்ந்த தாய்மார்களே, கண்டனம் முழங்கக் கடையடைத்துக் கூடியிருக்கும் செஞ்சிக் கடைவீதித் தோழர்களே! இரும்புக்கடை சிங்காரவேலுவின் கனத்த நெஞ்சத்து வணக்கம்.

நம் வணிகர் சங்கக் கட்டடத்தில் தையல் கடை வைத்திருக்கும் மெஹ்ரீன், தன் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதினார். அதைக் கொளுத்தவும், அவர் கடையைக் காலி செய்யச் சொல்லும் தீர்மானத்தை முன்மொழியவுமே என்னை அழைத்தீர்கள். கொளுத்த ஒரு புத்தகம் வேண்டுமே! செஞ்சி முழுக்கத் தேடினேன். திட்டித் தீர்த்த வாய்கள் ஆயிரம். திருப்பிப் பார்த்த கை ஒன்றுகூட இல்லை! திண்டிவனம் போய் வாங்கி, திரும்பும் பஸ்ஸில் பிரித்தேன்.

டி.வி.யில் காட்டியது ஒரே வரி: "என் தந்தையின் இறுதி ஊர்வலம் வந்தபோது செஞ்சிக் கடைவீதி கதவடைத்தது." சாவுக்கும் இரங்காத ஊர் என்று நம்மைத் தூற்றிவிட்டாராம்! வாரம் முழுக்க அலறினார்கள். நாமும் கொதித்தோம், குமுறினோம்.

அடுத்த வரியைக் கேளுங்கள்: "ஒவ்வொரு கடைக்காரரும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். அன்று என் தந்தைக்கு ஊரே உறவாக நின்றது."

சாவு போகும்போது ஷட்டரை இறக்கி நிற்பது யார் வழக்கம்? நம் வழக்கம்! மெஹ்ரீனின் தந்தை ரியாசுதீன் பாய்க்கு அன்று ஷட்டரை இறக்கியது யார் கை? இந்தக் கை! நம் பெருமையை எழுதிய பெண்ணை நாமே பழித்தோமே!

இன்னா தம்பி, "அப்ப டி.வி.ல வந்தது பொய்யா"ன்றியா? வரி பொய்யில்லப்பா. பாதியில நிறுத்திட்டாங்க. மீதியப் படிக்க நமக்கும் நேரமில்ல.

இன்று மதியம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மெஹ்ரீன் வீட்டுக்குப் போனேன். கடையிலிருந்து கொண்டுவந்த தையல் மெஷினைச் சாக்கில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "படிச்சேம்மா" என்றேன். அவர் நிமிரவில்லை.

"எதிர்க்கடதானண்ணா? இன்னா மெஹ்ரீன் இப்டி எழுதிட்டேன்னு ஒரு வார்த்த நீங்களாச்சும் கேட்டிருக்கலாமே" என்றார். "நாளைக்குக் காலைல வண்டி வருது. ஊர விட்டே போறேன்."

அந்த ஒரு வார்த்தையை நான் கேட்கவே இல்லை, தோழர்களே. வெட்கமாக இருக்கிறது, துக்கமாக இருக்கிறது.

தலைவர் அவர்களே, இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழிய மாட்டேன். கத்துறவங்க கத்துங்க, படிச்சிட்டுக் கத்துங்க! மேடையை விட்டு இறங்கி அவர் வீட்டுக்குத்தான் நடக்கப்போகிறேன். ஒற்றை ஆளாய் நான் கேட்டால் அவர் நிற்கமாட்டார். வீதியே வந்து கேட்டால் ஒருவேளை நிற்பார். ஒருவேளை, நம் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விடுவார்.

பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. வருகிறவர்கள் என்னோடு வாருங்கள். வராதவர்களுக்கும் வணக்கம்.