செவுள் பார்க்க வந்தவன்

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு மீன்காரப் பெண்கள், காலிக் கூடைகளோடு. மூத்தவள் ஏறியதிலிருந்தே கடுகடுவென்று இருந்தாள்.

"செவுளைத் தூக்கிப் பாக்குறவன் மீனு வாங்கணும்மே. இவன் நோட்டுல வரைஞ்சிகினு போறான்."

"யாருக்கா?"

"நாலு நாளா வரான். கேட்டா, நகை செய்ற ஆசாரியாம். கொடுவா செவுளைப் பாத்து புதுசா தோடு செய்யப் போறானாம்."

"அதுல இன்னாக்கா தப்பு?"

"செவுளைப் பாத்தா நா ஏன் கேக்கப்போறேன்? இன்னிக்கு மீனை வுட்டுட்டு என் காதைப் பாத்து வரைஞ்சிகினு இருந்தான். தோட்டைக் கழட்டி வூட்ல வெச்சிட்டுத்தான் யாவாரத்துக்கே வரேன். மூளிக் காதுல அவனுக்கு இன்னா கீது? எதுக்கோ நோட்டம் வுடுறான்மே."

இளையவள் குனிந்து அந்தக் காதைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"யக்கா, காதுல மீன் செதிலு ஒட்டிகினு கீது. வைரத்தோடு மாதிரி மினுக்குது!"

தட்டிவிடக் கையை நீட்டினாள். மூத்தவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும், வுடு. நாளைக்கும் இதைத்தான் பாக்குறானான்னு நா பாக்கணும்."