அணை கட்டக் கூடாத ஆறு

மகனை பெர்க்லியில் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு ரயிலில் பிளசன்டன் திரும்பிக்கொண்டிருந்தேன். மனம் ஒரு நிலையில் இல்லை. பின் இருக்கையில் ஒரு தமிழ்த் தம்பதி. அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டுத்தான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“பேசாம அந்த ஆத்துல அணையைக் கட்டியிருக்கலாம். நம்ம பொண்ணு தோத்துப்போய் வீட்டுக்கு வந்திருப்பா.”

“அங்க யாரும் அணை கட்டக் கூடாதுன்னு ஸ்டேட்லயே சட்டம் போட்டாச்சு. ஜெயிச்சுட்டா. சந்தோஷப்படேன்.”

“ஈரோட்டுல போய்ச் சொல்லுங்க, சிரிப்பாங்க. அணைத் தண்ணியிலதான உங்க அப்பா நெல்லு போட்டாரு.”

“அதையும் அவகிட்ட சொல்லிப் பாத்தேனே.”

“இருந்த வேலையை விட்டுட்டு, அணை வேணாம்னு அந்தக் கரையில டென்ட் போட்டு உக்காந்தா. சட்டம் வந்ததும் வந்துடறேன்மான்னா. நம்பினேன். நேத்து போன் பண்றா, வடக்கே இன்னொரு ஆறாம். அங்க கிளம்பிப் போயிட்டாளாம்.”

ரயில் இரண்டு நிலையங்களைக் கடந்தது.

“அவ ஜெயிச்ச அந்த ஆறு எவ்வளவு தூரம்?” என்றார் அந்த அம்மாள்.

“மூணு மணி நேரம் டிரைவ் பண்ணணும். அவதான் இப்ப அங்க இல்லையே.”

“தெரியும். சனிக்கிழமை போலாங்க. அவ இத்தனை நாள் பாத்துட்டிருந்ததை நானும் கொஞ்ச நேரம் பாத்துட்டு வர்றேன்.”