ரெண்டு தாம்பூலம்

— ஏட்டி மங்களம், அந்தக் கம்ப்யூட்டர் பேப்பர மடிச்சு வையி. ராயகிரி மாப்ள வீட்டுக்காரவுக நாளைக்கு அருவியில குளிக்க வாரது போல வந்து உன்னப் பாக்கப் போறாவ.

— கடையத்து ஆளுகளுந்தான் வாராவ அண்ணே. அப்பா அவுகளோட தாம்பூலம் மாத்தியாச்சு, நீ இவுகளோட மாத்திட்டே. ஒரே நாளு, ஒரே பொண்ணு. வெளங்குன மாதிரிதான்.

— நான் காலையில அம்மாட்ட கேட்டுட்டுத்தாம்ட்டி போனேன். யாருக்கும் வாக்குக் குடுக்கலைன்னு சொன்னா.

— அப்பாவும் கேட்டுட்டுத்தான் போனாவ. அவுகளுக்கும் அதே பதிலுதான்.

— பொறவு தப்பு எங்கன?

— இந்தப் பேப்பர்ல. பம்பாய் ஆபீஸ்ல மூணு மாசமா நான் மண்டைய ஒடைக்குத தப்பும் இதேதான்.

— கம்ப்யூட்டர இங்கன இழுக்காத.

— கேளுண்ணே. நாங்க கம்ப்யூட்டருக்கு எழுதுத மொழியில ஒருத்தன் வச்சத இன்னொருத்தன் மாத்த முடியாது. அதனால பத்துக் கணக்க ஒரே நேரத்துல ஓட விடலாம், சண்டை வராது. ஆனா எல்லாத்துக்கும் பொதுவா ஒரே ஒரு எடம் இருக்கும், அங்கனதான் பயம். காலியா இருந்தா வைக்கலாம், நெறஞ்சிருந்தா திரும்பிரணும்.

— பாத்துட்டு வைக்க வேண்டியதுதான, இதுக்கு மூணு மாசமா?

— நம்ம எழுதுதத மெஷினுக்குப் புரியுதாப்ல மாத்துத புரோகிராம் ஒண்ணு இருக்கு, கம்பைலர். நான் ஒரே வரியா எழுதுனத அது ரெண்டு வேலையா ஒடச்சிருது. பாக்குதது ஒண்ணு, வைக்குதது ஒண்ணு. முதல்ல பாத்தவன் வைக்கதுக்குள்ள அடுத்தவனும் வந்து காலின்னு பாத்திருதான்.

— நானும் அப்பாவும்.

— ஆமா. பாக்குததும் வைக்குததும் நடுவுல யாரும் நுழைய முடியாத ஒரே வேலையா, மெஷினோட அடியிலயே நடக்கணும். அது இல்லாம மேல எம்புட்டு ஒழுங்கா எழுதியும் புண்ணியமில்ல.

— சரி, தப்பு தப்புதான். இப்ப என்ன செய்ய? அப்பா வாக்கு மாற மாட்டாவ. நான் மாறுனா ராயகிரிப் பக்கம் தல காட்ட முடியாது. நீயே சொல்லு, கடையமா ராயகிரியா?

— ரெண்டு தாம்பூலத்தையும் திருப்பிருங்க.

— கோட்டி பிடிச்சிருக்காட்டி உனக்கு?

— நான் வந்ததே சொல்லத்தாண்ணே. நாலு நாளா வாய் வரல.

— என்னத்தச் சொல்ல?

— ரெண்டு பேரும் அம்மாட்ட கேட்டீங்க, எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. அந்த எடம் காலியா இல்லண்ணே. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு நாப்பது நாளாச்சு. நாளைக்குக் காலையில கொல்லம் மெயில்ல அவரும் வாராரு.