சைக்கிள் ஓடாத மருத்துவிச்சி

இல்லைத் தங்கச்சி, வெக்கப்பட ஒண்டுமில்லை. காலை நீட்டி இந்தச் சாக்கில வடிவாச் சாய்ஞ்சிருங்க. ஆம்பிளையள் எல்லாரும் லாஞ்சியின்ர முன்பக்கம் போய்த் திரும்பி நிக்கினம். உங்கட மனுசன் அன்ஸார் தம்பியும் அங்கதான். இஞ்சால இந்த அக்காமார் சேலையைப் பிடிச்சு மறைச்சுக்கொண்டு நிக்கினம். நடுக்கடலில இதைவிட நல்ல மறைப்பு ஆருக்குக் கிடைக்கும்? பேர் என்ன சொன்னீங்க, ஜெமீலாவோ? நல்ல பேர். நான் கமலேஸ்வரி, கட்டைபறிச்சான்.

ஓம், ஓம், அந்த லண்டன் நேர்ஸ்தான். அப்ப மூதூரிலயும் என்னைப் பற்றிக் கதைக்கினமாக்கும். என்னவாம்? சொல்லமாட்டீங்க. பரவாயில்லை, நானே சொல்லுறன். லண்டனுக்குப் போய்ப் படிச்சுப்போட்டு வந்து வீட்டில கோழிக்குத் தவிடு குழைக்கிறாள் எண்டு கதைக்கினம். உண்மைதானே. கோழியள் பாவங்கள், என்னட்டப் பதிவு இருக்கோ எண்டு கேக்கிறேல்லை.

வருதோ? வரட்டும். பல்லைக் கடிக்காதீங்க. தேத்தண்ணி ஆத்திற மாதிரி வாயால ஊதுங்க. அப்பிடித்தான். என்ர கையை வேணுமெண்டாப் பிடியுங்க, நசிச்சாலும் காரியமில்லை. போயிட்டுது பாத்தீங்களோ?

மெசினைப் பற்றி யோசிக்காதீங்க. லாஞ்சிக்கார இராசதுரையண்ணை அதைச் சுத்தியலால அடிச்சுக்கொண்டிருக்கிறார். இந்த லாஞ்சி குடாவுக்கு நடுவில நிக்கிறதும், அவர் அடிக்கிறதும், அது திரும்பப் புகைவிட்டு ஓடுறதும் வழமைதான். அங்க பாருங்க, அக்கரையில சாமிமலை தெரியுது. இறங்கின உடன ஒரு கார் பிடிச்சா ஆசுபத்திரி.

நானோ? நான் பின்னேர ரயிலுக்குக் கொழும்புக்குப் போறன், அதை விட்டா அடுத்தது நாளைக்குத்தான். நாளைக்குக் காலமை பதிவு குடுக்கிற கவுன்சிலில கூப்பிட்டிருக்கினம். இது மூண்டாம் தரம். இந்தமுறையும் சரிவராட்டி இனிக் கூப்பிடமாட்டினமாம். பதிவு தந்தா நான் மருத்துவிச்சி. தராட்டிக் கோழிதான். சே, ரயிலுக்கென்ன அவசரம்? அது ஒருநாளும் நேரத்துக்கு வெளிக்கிட்டதில்லை. நீங்க அதை யோசிக்காதீங்க.

ஏன் ரெண்டு தரம் தரேல்லையோ? அது பெரிய கூத்து. நான் படிக்கப் போனது மருத்துவிச்சி வேலை. ஊருக்கு வெள்ளைத் தொப்பி போட்டா எல்லாம் நேர்ஸ்தானே. அதுவும் லண்டன் இல்லை, லண்டனில இறங்கி வடக்க ஒரு நாள் முழுக்கப் போகவேணும். ஒரே புகையும் மழையும். படிப்பு ரெண்டு பாகம். முதல் பாகம் ஆசுபத்திரிக்குள்ள. அதில நான் கெட்டிக்காரி, பொய் சொல்லேல்லை. ரெண்டாம் பாகம் வீடு வீடாப் போய்ப் பேறு பாக்கிறது. எதில போறது? சைக்கிளில!

சிரிக்காதீங்க, இன்னும் இருக்கு. முதல் நாள் ஒரு கிழட்டு வெள்ளைக்கார மருத்துவிச்சியோட என்னை அனுப்பினவை. அவ சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தா. எனக்குத் தெரிஞ்ச வழமை என்ன? பொம்பிளைப்பிள்ளை பின் கரியரில இருக்கிறது, மற்ற ஆள் மிதிக்கிறது. அப்பா என்னை அப்பிடித்தானே பள்ளிக்கூடம் கொண்டுபோனவர். நான் போய்ப் பெட்டியை மடியில வைச்சு, ரெண்டு காலையும் ஒரு பக்கம் தொங்கவிட்டு, கவுணை இழுத்து மூடிக்கொண்டு அவவின்ர கரியரில ஏறி இருந்திட்டன். மனுசி திரும்பிப் பாத்த பார்வை! பிறகு வாசலில நிண்ட மற்றச் சைக்கிளைக் கையால காட்டினா. எனக்கெண்டு தனிச் சைக்கிள்.

வருதோ? ஊதுங்க. ஊதுங்க. இது கொஞ்சம் பெரிசுதான், தெரியுது. உம்மா எண்டு கத்தோணுமெண்டாக் கத்துங்க. நீங்க அல்லாவைக் கூப்பிடுங்க, நான் எங்கட பத்திரகாளியைக் கூப்பிடுறன். ரெண்டு பேரில ஆர் கிட்ட நிக்கினமோ அவை வரட்டும். சரி. சரி. போயிட்டுது.

பழகினனான், பழகாமல் என்ன. ஒருக்காப் பால் வண்டிலுக்குள்ள போய் விழுந்தன். ஒருக்கா ஒரு இறக்கத்தில பிரேக் பிடிக்க மறந்து, மரக்கறிக் கடையில மோதி, கோவாவெல்லாம் உருண்டு றோட்டில. அண்டைக்கு நான் நொண்டி நொண்டிப் போய்ச் சேரப் பிள்ளை பிறந்து தொட்டிலில கிடக்கு, தாய் எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தா. எனக்கு வந்த வெக்கத்துக்கு அளவில்லை. ஏலாது எண்டு பாதியில கப்பலேறி வந்திட்டன். மிச்சத்தை இஞ்ச முடிக்கலாம் எண்டு நினைச்சன். ஸ்டேசனில ஊரே மாலையோட நிக்குது. பாதிதான் முடிச்சனான் எண்டு அண்டைக்கே சொன்னனான், மேளச் சத்தத்தில ஆருக்குக் கேட்டது?

கவுன்சிலில முதல் தரம் ரெண்டு பாகமும் வேணும் எண்டு அனுப்பிப்போட்டினம். ரெண்டாம் தரம் கொஞ்சம் இரங்கினவை. நடுவில இருந்த பெரிய டாக்குத்தர் ஒரேயொரு கேள்வி கேட்டார். அதிலதான் விழுந்தனான். என்ன கேள்வியோ? அதைப் பிள்ளை பிறந்தாப்பிறகு சொல்லுறன். பொறுங்க, ஒருக்காப் பாப்பம்.

ம்.

தங்கச்சி, ஆசுபத்திரிக்குப் போகத் தேவையில்லை போலகிடக்கு. பயப்படாதீங்க, நல்ல விசயம்தான். உங்கட பிள்ளைக்கு என்னைவிட அவசரம். இராசதுரையண்ணை! மெசினை விட்டிட்டு அந்தத் தேத்தண்ணிக் கேத்தலில தண்ணி கொதிக்க வையுங்கோ, நல்லாக் கொதிக்கோணும்! ஆரிட்டயேன் சவரம் செய்யிற புதுப் பிளேட் இருக்கோ, பிரிக்காதது? அக்கா, என்ர பையுக்குள்ள நூல்கட்டை கிடக்கு, பிளேட்டையும் நூலையும் அந்தத் தண்ணிக்குள்ள போடுங்கோ. சவுக்காரமும் இருக்கு, அதைத் தந்திட்டு என்ர கையில தண்ணி ஊத்துங்கோ. அந்த வெள்ளைச் சேலையையும் எடுங்கோ. ஓம், அயன் பண்ணினதுதான். நாளைக்குக் கட்ட வைச்சது. இருக்கிறதில சுத்தமான சீலை அதுதான், எடுங்கோ.

இப்ப முக்குங்க. தலையைக் குனிச்சு நாடியை நெஞ்சில வைச்சு முக்குங்க. நல்லது. தலை தெரியுது, கறுத்தத் தலைமயிர், உங்கட மனுசனைவிட நிறைய. இன்னும் ஒருக்கா. நிப்பாட்டுங்க! முக்காதீங்க, ஊதுங்க, ஊதுங்க. கழுத்தில கொடி ஒரு சுத்து கிடக்கு. நடக்கிறதுதான். ஊதுங்க. விரலை விட்டிட்டன். கழட்டிட்டன். இப்ப முக்குங்க!

பொறுங்க தங்கச்சி. அழுவாள். பொம்பிளைப்பிள்ளை. வாயைத் துடைக்கிறன். முதுகைத் தேய்க்கிறன். அழடி. என்ர அம்மாளாச்சி, அழடி.

ஆ! கேட்டீங்களோ? கத்து, நல்லாக் கத்து! அக்காமாரே, இன்னும் என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள், குரவை போடுங்கோவன்!

இந்தாங்க, நெஞ்சோட அணைச்சுப் பிடியுங்க. கொடியைக் கட்டி வெட்டியாச்சு, நஞ்சுக்கொடியும் முழுசா வந்திட்டுது, ரத்தமும் அளவாத்தான் போகுது. ஆனாலும் ஆசுபத்திரியில ஒருக்காக் காட்டோணும். மெசின் சத்தம் கேக்குதோ? பாத்தீங்களோ, எல்லாம் முடிஞ்சாப்பிறகு இராசதுரையண்ணையும் கெட்டிக்காரன். அன்ஸார் தம்பி, வாங்கோ, வந்து பிள்ளையின்ர காதில பாங்கைச் சொல்லுங்கோ. ஏன் தம்பி நீங்க அழுறீங்க? பெத்தது அவ.

என்ர பேரையோ? வேண்டாம் தங்கச்சி, உங்கட உம்மாவின்ர பேரை வையுங்க. என்ர பேரை வைச்சா இவளும் கவுன்சில் வாசலிலதான் நிப்பாள். எனக்கு ஏதேன் செய்யோணும் எண்டா, வளர்ந்தாப்பிறகு இவளுக்குச் சைக்கிள் பழக்கிவிடுங்க.

என்ன? கேள்வியோ? மறக்கேல்லை நீங்க. பெரிசா ஒண்டுமில்லை. பக்கத்தில ஒருத்தரும் இல்லாமல், தனிய நிண்டு ஒரு பேறாவது பாத்திருக்கிறீரோ எண்டு கேட்டார். இல்லை எண்டன். ஓம், ஆசுபத்திரியில எப்பவும் எனக்குப் பின்னால ஒரு சிஸ்டர் நிண்டவ. தனியப் பாத்தது இண்டைக்குத்தான். உங்கட பயத்தைப் போக்கத்தான் நான் இவ்வளவும் கதைச்சன் எண்டு நினைச்சீங்களாக்கும். இல்லைத் தங்கச்சி, என்ர பயத்துக்குக் கதைச்சது.

மெல்ல எழும்புங்க, இறங்குதுறை வந்திட்டுது. அக்கா, அந்தப் பக்கம் தாங்கிப் பிடியுங்கோ. அந்தக் கூவலோ? அது ரயில். ஓம், என்ர ரயில்தான். ஒருநாளும் நேரத்துக்கு வெளிக்கிடாத சனியன், இண்டைக்கெண்டு பாத்து வெளிக்கிட்டிட்டுது. நீங்க ஏன் அழுறீங்க? சத்தம் போடாதீங்க, பிள்ளை இப்பத்தான் கண்ணை மூடினவள்.