நிறம் காட்ட மறுத்த நீரைப் பேச வைத்த ஜலஜா அம்மையாருக்கு

கொதிநீர்த் தொட்டியின் கோமகளே! குமிழிகளைக் குழந்தைகளாய்க் கட்டி மேய்த்த குணக்குன்றே! காரமும் அமிலமும் கைகட்டி நிற்கும் கண்டிப்பின் கருவூலமே! கொண்டாப்பூர் மேகவர்ஷினிக் குடியிருப்பின் மன்றத்தில் பன்னிரண்டு ஆண்டுகள், ஒருவர் கண்ணும் எரியாமல், ஒருவர் தோலும் தடிக்காமல், ஒருவர் நெஞ்சிலும் சளி கட்டாமல் நீர் காத்து, இன்று ஓய்வு பெறும் நிகரிலா நங்கையே! வணக்கம், வணக்கம், இன்னும் ஒரு நூறு வணக்கம்!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால், "சாப்பாடு ஆறுது, நிறுத்துங்கப்பா" என்று எழுந்துவிடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வதுபோல் உங்கள் கதையைச் சபைக்குச் சொல்கிறோம். காது கேளாதவர்போல் அமர்ந்திருங்கள், அது போதும்.

பட்டான்செருவில் ஒரு மருந்து ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் குப்பியும் குடுவையுமாய்க் குப்பை கொட்டிவிட்டு, மல்காஜ்கிரியிலிருந்து இரண்டு பஸ் மாறி இங்கே வந்து சேர்ந்தவர் ஜலஜா. அவர் மூக்கை அரசாங்கம் இன்னும் அளவுக் கருவியாக அறிவிக்காதது நாட்டுக்கே நஷ்டம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, தொட்டியில் முந்தைய நாள் எத்தனை பேர் சுடுநீரில் குளிக்க இறங்கினார்கள், அவர்களில் யார் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார் என்பதுவரை சொல்லிவிடுவார். ஆனாலும் அந்த மூக்கை அவரே நம்ப மாட்டார். காலை ஏழு மணிக்கு மூடியைத் திறப்பார்; சிறு குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுப்பார்; இரண்டு சொட்டு மருந்து விடுவார். குளோரின் இருந்தால் தண்ணீர் ரோஜா நிறமாகும். அந்த ரோஜா நிறத்தைப் பார்க்காமல் பிரதமரே வந்தாலும் இறக்க மாட்டார். "சுடுதண்ணில குளோரின் சீக்கிரம் செத்துப்போகும். அது செத்த இடத்துல கிருமி பிறக்கும். ஆவியோட ஆவியா நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கும்" என்பார். கேட்கிறவருக்குக் கொதிநீரிலும் குளிரெடுக்கும்.

ஆனால் இந்த மடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் போவது, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்காக.

மன்றத்துக்கு வர்ணம் அடிப்பதற்காகத் தொட்டியை ஒரு வாரம் மூடியிருந்தார்கள். ஜலஜா மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பொறுப்பு பம்ப் அறைப் பத்ரியின் தலையில் விழுந்தது. யாரும் இறங்காத வாரம் ஆயிற்றே, கிருமி தலைகாட்டக்கூடாது என்று, அவர் முதலிலேயே நாலு கரண்டி குளோரின் பொடியைக் கூடுதலாய்க் கொட்டி மூடியைப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில்.

திங்கட்கிழமை காலை சொட்டு விட்டுப் பார்த்தார். நிறம் வரவில்லை. ஒரு கரண்டி போட்டார். அன்று மாலையும் வரவில்லை, இன்னொரு கரண்டி. செவ்வாய், புதன், காலையும் மாலையும் அதே கதை. பூட்டு பூட்டியபடி இருக்கிறது. மூடியின்மேல் வர்ணத்தூசியில் அவர் விரலைத் தவிர வேறு விரல் படவில்லை. தண்ணீரோ கண்ணாடியாய்த் தெளிந்து, அடியிலுள்ள ஓடுகளின் கீறலைக்கூடக் காட்டுகிறது. அதற்குள் யாரோ உட்கார்ந்து அத்தனை குளோரினையும் தின்றுகொண்டிருக்கிறார்கள்!

வியாழன் மாலை, திறந்த மூடிக்குள் ஒரு செம்பருத்தி விழுந்தது. வெள்ளிக்கிழமை காலை திறந்தபோது, ஓர் இதழும் கலையாமல், காகிதமாய் வெளுத்து மிதந்தது. துப்புரவு பார்க்கும் அன்னக்கிளி அதை எடுத்துவிட்டு, கை எரிகிறதே என்று பச்சைத் துணியில் துடைத்துக்கொண்டார். சனிக்கிழமை அந்தத் துணியில் ஐந்து விரல்கள் வெள்ளையாய் நின்றன.

"இது என் கையில்ல" என்றார் அன்னக்கிளி, தன் விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்து. "என் வெரலு இம்புட்டு நீளமில்ல."

அதன்பின் பட்டப்பகலிலும் பம்ப் அறைக்கு யாரும் தனியாகப் போகவில்லை. குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம், யாரோ மடக் மடக்கென்று விழுங்குவதுபோல் கேட்டது.

ஞாயிறு காலை ஏழு மணி. செகந்திராபாத்தில் ரயிலை விட்டு இறங்கிய ஜலஜா, வீட்டுக்குக்கூடப் போகாமல் பையும் கையுமாக வந்தார். உள்ளே நுழைந்ததும் நின்றார். எங்கும் வர்ண நெடி. பாரதம் போற்றும் அந்த மூக்கு, முதன்முறையாக, ஒன்றுமே சொல்லவில்லை.

தொட்டியின் விளிம்பில் பகவதி அம்மாள் துண்டோடு உட்கார்ந்திருந்தார். ஏழாவது மாடிக்காரர், அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. இந்தச் சுடுநீருக்காக ஒரு வாரமாய் நாள் எண்ணியவர்.

"மேடம், குளோரின் ஜீரோ" என்றார் மேலாளர் ராகவேந்திரா. "இன்னொரு கரண்டி போட்டு அஞ்சு நிமிஷத்துல ஓப்பன் பண்ணிடலாம். ஆன்ட்டி ரொம்ப நேரமா வெயிட்டிங்."

"ஜீரோன்னு யார் சொன்னது?"

"குப்பி சொல்லுது அக்கா. ஹவ், ஆமா, பன்னெண்டு வாட்டி சொல்லிடுச்சு" என்ற பத்ரியின் குரல் அவருக்கே கேட்கவில்லை. "உள்ள யாரோ இருக்காங்க. கிட்டப் போறது நக்கோ, வேணாம் அக்கா."

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும்டா, ஓரமா உக்காந்துக்கச் சொல்லு" என்று பகவதி அம்மாள் காலைத் தொங்கவிட்டார். "எனக்கு வலி தாங்கலை."

அன்னக்கிளி தோளில் கிடந்த பச்சைத் துணியை ஜலஜா அப்போதுதான் பார்த்தார். "காலை எடுங்க மாமி!" அந்தக் கத்தலில் சார்மினாரின் புறாக்களெல்லாம் எழுந்து பறந்ததாகக் கேள்வி. பாதத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல்கடை இருந்தபோது, கணுக்காலைப் பிடித்து நிறுத்தினார்.

குப்பியில் நீர் எடுத்து இரண்டு சொட்டு விட்டார். நிறமில்லை. அதே நீரில் ஒரு பங்குக்குக் குடிநீர் ஒன்பது பங்கு கலந்து மறுபடி விட்டார். ரோஜா நிறம் குபீரென்று பூத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நாக்கால் நக்கி எடுத்ததுபோல் மறைந்தது. பத்ரி சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஜலஜா அந்தக் கலவையிலும் ஒரு பங்கெடுத்து, இன்னும் ஒன்பது பங்கு குடிநீர் சேர்த்தார். இரண்டு சொட்டு. இம்முறை நீர் இரத்தமாய்ச் சிவந்தது. சிவந்தது சிவந்தபடி நின்றது.

"உள்ள யாருமில்ல பத்ரி" என்றார் மெதுவாக. "யாரும் எதையும் தின்னல. நீ போட்டது அத்தனையும் அப்படியே இருக்கு. அளவு மீறினா வர்ற நிறத்தையே வெளுக்க வெச்சிடும். பூவை வெளுத்துச்சு, ஈரம் பரவின தூரம் துணியை வெளுத்துச்சு. அடுத்தது மாமியோட காலு."

பகவதி அம்மாள் தன் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"சரி மேடம், மதியத்துக்குள்ள..." என்று ஆரம்பித்தார் ராகவேந்திரா.

"தண்ணி மாத்தாம திறந்தீங்கன்னா என் ராஜினாமாவை இப்பவே எழுதிக்கோங்க."

குளோரினை முறிக்கும் பொடியைப் போட்டார், தொட்டியைக் காலி செய்தார், குழாய்களைக் கழுவினார், புதுநீர் நிரப்பிச் சுடவைத்தார். மூடியைப் போட்டு அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுநூறு குடும்பங்கள் வந்து சண்டை போட்டும், வானமே இடிந்து மழையாய்க் கொட்டியும் அசையவில்லை. மாலை ஐந்து மணிக்குக் குப்பியில் மெல்லிய ரோஜா நிறம் வந்தது, வந்து நின்றது.

பகவதி அம்மாள் கழுத்துவரை இறங்கி, கண்ணை மூடினார். சற்றுப் பொறுத்து, "ஏன் ஜலஜா, யாரோ இப்பத்தான் எழுந்து போன இடம் மாதிரின்னா வெதவெதன்னு இருக்கு!" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஜலஜா மட்டும் குனிந்து, குப்பியில் இன்னொரு முறை தண்ணீர் எடுத்தார்.

அம்மையீர்! அந்தக் கணுக்காலைப் பிடித்த கைக்கு எங்கள் கும்பிடு. உங்கள் கண் மங்காமல், மூக்கு மழுங்காமல், முட்டியில் வலி முளைக்காமல், உடம்பில் காரமும் அமிலமும் சமாதானமாய்க் குடும்பம் நடத்த, நூற்றுப் பதினாறு ஆண்டுகள் குறைவின்றி வாழுங்கள்! நாளை ஏழு மணிக்கு அந்த மூடியைத் திறக்கப்போவது நாங்கள். பயமாகத்தான் இருக்கிறது. உள்ளே எது காத்திருந்தாலும், முதலில் இரண்டு சொட்டு. நிறம் வராத காலையில் ஒரு பாதத்தையும் நனைய விடமாட்டோம். சபையறியச் சத்தியம்!

இவ்வாறு தலைவணங்கும்,
மேகவர்ஷினி மன்ற ஊழியர்கள்

மடல் வரைந்து வாசித்தவர்:
பத்ரி, பம்ப் அறை (சென்ற ஆண்டே ஓய்வு பெற்றும் இந்த மடலுக்காக வந்தவர்)